முந்திரிப்பருப்புத் தொக்கம்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் பஸ் உத்தனப்பள்ளியைத் தாண்டியதும் கண்டக்டர், "தொக்கம் ஸ்டாப்பெல்லாம் எறங்கு" என்று குரல் கொடுப்பார். அப்படி ஒரு நிறுத்தத்தை அரசாங்கம் வைக்கவில்லை, ஜனங்களே வைத்துக்கொண்டார்கள். பஸ் பாதி காலியாகிவிடும். இறங்குகிறவர்களில் இடுப்பில் குழந்தை இல்லாத ஆள் இருந்தால், அவர் போண்டா விற்க வந்தவர் என்று அர்த்தம்.

ரோட்டோரம் பெரிய பேனர். அதில் காவித் துண்டும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திம்மராய சாமி நின்றுகொண்டிருப்பார். பின்னால் ஒரு மலை, ஒரு சூரியன், ஒரு பாம்பு, எதற்கென்றே தெரியாமல் ஒரு சிங்கம். 'ஊசி இல்லை, மாத்திரை இல்லை, ஒரே உறிஞ்சல்!' என்று அடியில் கொட்டை எழுத்து.

தொக்கம் என்றால் தெரியாத புண்ணியவான்களும் இருக்கக்கூடும். குழந்தை தின்றது செரிக்காமல் குடலில் ஒட்டிக்கொண்டு நிற்குமாம். அதற்குத்தான் தொக்கம் என்று பேர். வாந்தி, பேதி, காய்ச்சல், பால் குடிக்காமை, எது வந்தாலும் அதுதான் காரணம். சாமி குழந்தையின் தொப்புளில் ஒரு பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சுவார். அடுத்த நிமிஷம் வெள்ளைத் தட்டில் துப்புவார். தட்டில் இட்லித் துண்டு கிடக்கும், அல்லது பிஸ்கட், அல்லது கோழி எலும்பு. பெரிய ஆஸ்பத்திரிகளில் மிஷின் வைத்து வயிற்றைப் படம்தான் பிடிக்கிறார்கள். சாமி பொருளையே எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார். எவன் கெட்டிக்காரன்?

இந்தச் சாமி போன வருஷம்வரை ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த திம்மராயன். ஒருநாள் கனவில் தெய்வம் வந்து அவருடைய இடது கன்னத்தில் முத்தம் கொடுத்ததாம். அன்றிலிருந்து அருள் வரும்போதெல்லாம் இடது கன்னம் உப்பிக்கொள்ளும். "தெய்வம் கன்னத்துல வந்து ஒக்காந்துடுச்சு" என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், தங்கள் கன்னத்தில். அருள் வந்தபின் சாமி யாரிடமும் பேசமாட்டார். பேசவேண்டியதை எல்லாம் மச்சான் கோபி பேசுவான்.

அன்றைய வரிசையில் சுரேந்தர் நின்றான். தோளில் அவன் மகள் ஸ்வாதி. நடக்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தை, இரண்டு நாளாக வாந்தியும் பேதியுமாகத் துவண்டு கிடந்தது.

சுரேந்தரை ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. ஓசூரில் கார் இன்ஜினுக்குப் போல்ட் செய்யும் கம்பெனியில் அவன் செக்கிங் பிரிவு. மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் போல்ட்டைத் தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவான். அவனுடைய மிஷினையே அவன் நம்பமாட்டான். ஷிப்ட் தொடங்கும்போது, கெட்டுப்போனது என்று தெரிந்தே சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கும் ஒரு பீஸை முதலில் மிஷினுக்குள் விடுவான். மிஷின் அதைத் தள்ளிவிட்டால் மிஷின் நல்லது. 'ஓகே' என்று விட்டுவிட்டால் மிஷின் கெட்டது, லைனை நிறுத்து. "மொதல்ல பொய்யக் குடுத்துப் பாக்கணும் வினோ, அதையும் நெசம்னு சொன்னா அது சொல்ற எதையும் நம்பக் கூடாது" என்று சோறு தின்னும்போதுகூட மனைவி வினோதாவிடம் பெருமையடிப்பான். அவ்வளவு விவரம். கம்பெனி கேட்டைத் தாண்டியதும் விவரத்தை ஹெல்மெட்டோடு சேர்த்துக் கழற்றி லாக்கரில் வைத்துவிடுவான், அதுதான் கோளாறு.

வினோதாவுக்குச் செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் நைட் ஷிப்ட். "காலையில மொத வேலையா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் நேரா அங்க வந்துடறேன்" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். சுரேந்தரும் கிளம்பத்தான் செய்தான். பக்கத்து வீட்டுச் சரசம்மா வாசலிலேயே மடக்கினாள்.

"ஆஸ்பத்திரிக்கா? ஊசி போட்டா தொக்கம் குடல்லயே ஒறஞ்சு போயிடும்பா. மொதல்ல திம்மராய சாமிகிட்ட எடுத்துட்டு, அப்பறம் எங்க வேணா போ."

முதலில் சாமி, அப்புறம் டாக்டர். இரண்டையும் செய்துவிட்டால் ஒன்றும் விட்டுப்போகாது பாருங்கள். எத்தனையோ பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது இந்த 'முதலில்' தான்.

வரிசை நகர மறுத்தது. வெயில் ஏறியது. சுரேந்தர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தான். பின்னால் நின்ற, ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரப் பெண் பதறிப்போனாள். அவள் இடுப்பிலும் ஒரு பையன் முனகிக்கொண்டிருந்தான்.

"நீரு கொடபேடி அண்ணா! தண்ணி குடுத்தா தொக்கம் கரஞ்சு ஓடிடும்னு சாமி ஹேளித்தாரே!"

"ஆமாண்ணா" என்றான் கோபி, டோக்கன் கட்டோடு வந்தவன். "தொக்கம் எடுக்கற வரைக்கும் தண்ணி, பால் எதுவும் ஆகாது. சாமியோட உத்தரவு."

சுரேந்தர் பாட்டிலைப் பைக்குள் வைத்துவிட்டான். பேதியில் உடம்புத் தண்ணீரெல்லாம் போன குழந்தைக்குத் தண்ணீர் ஆகாது! எரிகிற வீட்டின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஈரமாகிவிடும் என்கிறவனுக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் புத்தி இருக்கும்.

"கொழந்த என்ன சாப்ட்டுச்சுண்ணா?" கோபி பேனாவை நீட்டிக்கொண்டு கேட்டான். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். "சாப்ட்டது என்னானு தெரிஞ்சாத்தான் சாமி குடலுக்குள்ள போயித் தேட முடியும்."

வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் பார்க்கிற சாமிக்கு எதைத் தேடவேண்டும் என்பதை மட்டும் வெளியிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறதே என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சுரேந்தருக்கும் தோன்றவில்லை. குழந்தைக்கு ஊட்டுவது வினோதா, அவனுக்கு என்ன தெரியும்? போனைப் போட்டான். அவள் ஷிப்ட் முடிந்து ஓசூரிலிருந்து அதே ரோட்டில் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

"வினோ, பாப்பா கடைசியா என்ன சாப்ட்டா?"

"டாக்டர் கேக்கறாங்களா?"

"டாக்டர் இல்ல... இங்க, உத்தனப்பள்ளி தாண்டி..."

பஸ் இரைச்சலை மீறிக்கொண்டு வந்தது அவள் குரல். "தொக்கமா எடுக்கப் போயிருக்கீங்க?"

"கத்தாத. பாப்பாவுக்கு இப்பத் தேவல. காலையில இருந்து மோஷன் போகல. ஒண்ணுக்குக்கூடப் போகல, நாப்கின் அப்படியே காஞ்சு கெடக்குது. அழுகையும் நின்னுடுச்சு. நல்லாத் தூங்கறா."

நல்ல செய்தி சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னான், பாவி.

"அழுதப்பக் கண்ணுல தண்ணி வந்துச்சா?" வினோதாவின் குரல் மாறியிருந்தது.

"தண்ணியா... இல்லையே. சும்மா மொனகினா."

"கூப்ட்டாக் கண்ணத் தெறக்கறாளா?"

"தூங்கற புள்ளைய எதுக்கு எழுப்பணும்?"

"யோவ்! அது தூக்கம் இல்லய்யா! உடம்புல தண்ணி வத்திப் போச்சு! இப்பவே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு!"

"இன்னும் ரெண்டே டோக்கன்தான் வினோ. இவ்ளோ நேரம் நின்னுட்டு..."

இவனிடம் கத்திப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குழந்தை அவன் தோளில், அவள் பஸ்ஸில். ஒரு மூச்சு இழுத்துவிட்டாள். பிறகு சொன்னது நிதானமாக வந்தது.

"சரி. முந்திரிப்பருப்பு சாப்ட்டானு சொல்லுங்க."

"முந்திரியா?"

"ஆமா, முந்திரி. அப்படியே சொல்லுங்க." போன் அறுந்தது. அறுத்தவள் அடுத்த நொடியே நூற்றெட்டுக்கு அடித்தாள்.

"முந்திரிப்பருப்பாம்" என்றான் சுரேந்தர்.

கோபியின் முகம் சுருங்கியது. "முந்திரியா? நல்லா யோசிச்சுச் சொல்லுண்ணா. இட்லி, பரோட்டா, கடல... இந்த மாதிரி ஏதாச்சும்?"

"முந்திரிதான். அவங்கம்மா சொன்னா."

கோபி தலையைச் சொறிந்தான். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு மளிகைக் கடைப் பக்கம் பறந்தான். என்ன அவசரமோ, சாமிக்குக் கற்பூரம் தீர்ந்துவிட்டதோ என்று ஜனங்கள் வழிவிட்டார்கள். திரும்பி வந்தவன் நேராகத் திரைக்குப் பின்னால் போனான். திரைக்கு முன்னால் சாமியின் இடது கன்னத்தில் தெய்வம் வந்து உட்கார்ந்தது.

சுரேந்தரின் டோக்கனைக் கூப்பிட்டார்கள். குழந்தையைப் பாயில் கிடத்தினான். அவன் கை விலகியதும் குழந்தையின் கை கீழே விழுந்தது, கால் தனியாகச் சரிந்தது. சாமி குழாயைத் தொப்புளில் வைத்தார். கண்ணை உருட்டினார். 'கொர்ர்ர்' என்று உறிஞ்சினார். நெற்றி நரம்பு புடைத்தது. நிமிர்ந்தார், தட்டில் துப்பினார்.

டிங்.

வெள்ளைத் தட்டில் முந்திரிப்பருப்பு.

"சாமீ!" என்று கூட்டம் கும்பிட்டது. ஒருத்தர் செல்போனில் படம்பிடித்தார். சுரேந்தரின் கண் கலங்கிவிட்டது. போச்சு, மகளைப் பிடித்திருந்தது வெளியே வந்துவிட்டது. இனிப் பயமில்லை.

அப்போதுதான் கம்பெனி யூனிபாரமும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக வினோதா கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். தட்டைப் பார்க்கவில்லை. குழந்தையை வாரி எடுத்தாள். கன்னத்தைத் தட்டினாள். நாக்கைத் தொட்டுப் பார்த்தாள், சுருங்கிய தோல்போல வறண்டு கிடந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள், மடிப்பு மடிப்பாகவே நின்றது.

"எடுத்தாச்சு வினோ! முந்திரி வந்துடுச்சு பாரு!" என்றான் சுரேந்தர்.

"நம்ம வூட்டுல எப்பங்க முந்திரி வாங்கினோம்?"

"நீதான சொன்ன..."

"நம்ம கல்யாணத்துப் பாயாசத்துல போட்டதோட சரி. அதுக்கப்பறம் முந்திரிய நானே கண்ணால பாக்கல. பாப்பா எங்க பாத்தா? செவப்புப் பீஸ் விடுவீங்களே தெனமும், அதத்தான் விட்டேன். உங்க சாமி ஓகேனு விட்டுட்டாரு."

சுரேந்தர் தட்டைத் திரும்பிப் பார்த்தான்.

கோபி விடுவானா? "அம்மா, தெய்வ சந்நிதியில இப்படிப் பேசாத. நீ வேலைக்குப் போனப்ப அக்கம்பக்கத்துல யாராச்சும் குடுத்திருப்பாங்க."

"அதான!" என்றது கூட்டம். "பெத்தவளுக்கே பொறுப்பில்ல, சாமியக் கொற சொல்றா!" என்று ஒரு கிழவர் தலையிலடித்துக்கொண்டார். ஏமாற்றியவனைவிட ஏமாந்தவனுக்குத்தான் எப்போதும் ரோஷம் அதிகம்.

சுரேந்தர் தட்டிலிருந்து முந்திரியை எடுத்தான். போல்ட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு நாளாகத் தண்ணீர்கூடத் தங்காத வயிறு, மேலும் கீழுமாக நாலே பல் முளைத்த வாய். முந்திரியோ ஒரு மூலை மழுங்காமல், உள்ளே ஊறாமல், கடையில் அள்ளிப்போட்டது போலவே மொறுமொறுவென்று இருந்தது. விரலால் ஒடித்தான். 'டக்' என்று ஒடிந்தது.

"சாமி" என்றான். தன் குரல் இவ்வளவு அமைதியாக வரும் என்று அவனுக்கே தெரியாது. தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான். "வாயக் கொப்புளிச்சுத் துப்பிட்டு, இன்னொரு தடவ உறிஞ்சுங்க."

சாமி தலையை ஆட்டினார்.

"ஒரு வாய்த் தண்ணிதான் சாமி. தெய்வம் நனஞ்சுடாது. இல்லன்னா வாயத் தெறந்தாச்சும் காட்டுங்க, பாக்கறோம்."

"தெய்வக் குத்தம் ஆயிடும்!" கோபி நடுவில் பாய்ந்தான். "அருள் வந்த வாயி! தெறந்தா ஊரே எரிஞ்சு போயிடும்!"

"எரியட்டும். எம் புள்ளையவிட ஊரு பெருசில்ல. வாயத் தெறய்யா!"

திம்மராயனுக்கு மண்டியில் பழகிய கோபம் திரும்பி வந்துவிட்டது. "டேய், யாரப் பாத்துடா..." என்று வாயைத் திறந்தார். அவ்வளவுதான். இடது கன்னத்தில் உட்கார்ந்திருந்த தெய்வம் எச்சிலோடு பாயில் விழுந்தது. ஒரு பரோட்டாத் துண்டு, பின்னாலேயே ஒரு வேர்க்கடலை.

வரிசையின் முன்னாலிருந்து ஒரு குரல் அலறியது.

"யோவ், அது என்னோடதுய்யா! பரோட்டானு சொன்னது நான்தான்! எம் பையன இன்னும் பாயிலயே படுக்க வெக்கலையே!"

"அப்ப அந்தக் கடல எம் பொண்ணோடது!" என்றார் அடுத்தவர்.

பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. கோபி வண்டியை எடுக்கப் போனான், வண்டிச் சாவி அதற்குள் யார் கையிலோ இருந்தது. திம்மராயன் திரைக்குப் பின்னால் ஓடினார், திரை அறுந்து அவர் மேலேயே விழுந்தது. அங்கே ஒரு பலகையில் கிண்ணம் கிண்ணமாக இட்லி, பிஸ்கட், சப்பாத்தி, வேகவைத்த கோழி. ஊர்க் குழந்தைகளின் குடல் முழுவதும் அங்கே வரிசையாக மூடி போட்டு வைத்திருந்தது. பேனரிலிருந்த சிங்கம் மட்டும் இப்போது எதற்கு வந்தது என்று புரிந்தது, சாட்சிக்கு.

ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. வினோதா குழந்தையோடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள். போகிற போக்கில் ஆனேக்கல் பெண்ணின் மடியைப் பார்த்து நின்றாள். பையனின் சட்டையில் வாந்தி பச்சையாக இருந்தது. வயிறு உப்பிக் கிடந்தது.

"வெளிக்கிப் போனதுல ரத்தம் வந்துச்சாக்கா?"

அந்தப் பெண் ஆமென்று தலையசைத்தாள். அவள் கையில் கசங்கிய டோக்கன் இன்னும் இருந்தது.

"அதத் தூக்கிப் போட்டுட்டு ஏறுங்க!"

"நானூ பர்தீனி, நானும் வரேன்" என்று முனகிக்கொண்டே பின்னால் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிர்மலா குழந்தையின் கையில் நரம்பு தேடினார். கிடைக்கவில்லை. மறுபடியும் தேடினார். சுரேந்தர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றான். பித்தளைக் குழாயைப் பார்த்துக் கும்பிட்ட அதே கை இப்போது சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தது. குழந்தை செத்துப்போனால் அதைக் கொன்றது திம்மராயன் மட்டும் இல்லை என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒருவழியாகக் காலில் நரம்பு அகப்பட்டது, டிரிப்ஸ் இறங்கத் தொடங்கியது.

"அழுக நின்னா நல்லாயிடுச்சுனு யாருப்பா உனக்குச் சொன்னது?" டாக்டர் அப்போதுதான் திரும்பினார். "அழறதுக்குக்கூடத் தெம்பில்லாம கெடந்திருக்கு. பேதியாச்சுன்னா கொஞ்சம் கொஞ்சமா உப்பு சர்க்கரைத் தண்ணி குடுத்துட்டே இருக்கணும், பாலையும் நிறுத்தக் கூடாது. எதக் குடுத்தாலும் தங்கல, ஒண்ணுக்குப் போகல, கண்ணு உள்ள போயிடுச்சு, கூப்ட்டா முழிக்கலன்னா டோக்கன் போட்டுட்டு ஒக்காரக் கூடாது, தூக்கிட்டு ஓடி வரணும். பச்சையா வாந்தி, மலத்துல ரத்தம், வயிறு கல்லாட்டம் இருந்தாலும் அப்படித்தான். உங்களோட வந்த அந்தப் பையனுக்குக் குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக் கெடக்கு. ஆபரேஷனுக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. இதையும் உறிஞ்சி எடுத்துடுவாராமா உங்க சாமி?"

சுரேந்தர் போய்க் குழந்தையின் காலடியில் உட்கார்ந்தான்.

சாயங்காலம் ஸ்வாதி கண்ணைத் திறந்தாள். அப்பனைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், பிறகு ஆஸ்பத்திரியே அதிரும்படி அலறினாள். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "வினோ, தண்ணி வருது பாரு, கண்ணுல தண்ணி வருது!" என்று சுரேந்தர் கத்தினான். பிள்ளை அழுததற்குச் சந்தோஷப்பட்ட அப்பனை அந்த வார்டு அன்றுதான் பார்த்தது. தூக்கி மடியில் வைத்தான். பேன்ட் நனைந்தது. அவன் நகரவே இல்லை, அபிஷேகம் நடக்கிறமாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ஆனேக்கல் பையனும் பிழைத்துக்கொண்டான். திம்மராயனையும் கோபியையும் போலீஸ் ஜீப்பில் ஏற்றியபோது, வேடிக்கை பார்த்தவர்கள் அவர்கள் வாயைத் திறந்து காட்டச் சொல்லிச் செல்போனில் படம் எடுத்தார்களாம். அந்தப் புத்தி போன வருஷமே வந்திருக்கலாம்.

ஊர் திருந்திவிட்டது என்று எழுதி முடிக்க ஆசைதான். ஆனால் குழந்தையோடு வீடு திரும்பிய அன்றே சரசம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"அவன் போலிப் பய, எனக்கு அப்பவே சந்தேகம்பா. நெசமா எடுக்கறவரு கெலமங்கலத்துல இருக்காராம். அவருக்கு வலது கன்னமாம்."

சுரேந்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "மொதல்ல அந்தாள வாயக் கொப்புளிச்சுக் காட்டச் சொல்லுக்கா. அப்பறம் பேசலாம்."

சரசம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்படிக் கேட்பது தெய்வக் குற்றம் என்று பயமாக இருக்கிறதா, மகாஜனங்களே? தாராளமாகப் போங்கள், வரிசையில் நில்லுங்கள், கையைக் கூப்புங்கள். குழந்தையை மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போய்க் கூப்புங்கள். உங்கள் சாமி நிஜமென்றால், வாயைக் கொப்புளித்துவிட்டு உங்கள் வயிற்றிலிருந்தே எடுத்துக் காட்டட்டும்.